போர்வைப் போராட்டம்

வட அயர்லாந்துச் சிறைகளில் 1976 முதல் 1981 வரை, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த குடியரசுவாதக் கைதிகள் தங்கள் உடலையே பணயம் வைத்து நடத்திய போராட்டம். ஒரு சீருடையில் தொடங்கியது.

1972-ல் உண்ணாவிரதமிருந்து பெற்ற சிறப்புத் தகுதியால் இவர்கள் சொந்த உடை அணிந்தார்கள். சிறை வேலை கிடையாது. 1976 மார்ச் 1-க்குப் பிந்தைய குற்றங்களுக்கு அரசு அந்தத் தகுதியை மறுத்தது. செப்டம்பரில் மேஸ் சிறைக்கு வந்த கீரன் நுஜென்ட், சீருடையை அணிந்தால் தான் வெறும் கிரிமினல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்தார். வெற்றுடம்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டார். பின்னால் வந்த சில நூறு பேரும் அப்படியே.

1978 மார்ச்சில் விஷயம் முற்றியது. கழிப்பறைக்குப் போகும் வழியில் காவலர்கள் அடிக்கிறார்கள் என்று கூறி, கைதிகள் அறையை விட்டு வர மறுத்தார்கள். சிறுநீரைக் கதவுக்கு அடியில் ஊற்றினார்கள். மெத்தையிலிருந்து பிய்த்த பஞ்சால் மலத்தைச் சுவரில் பூசினார்கள். நேரில் பார்த்த பேராயர் தோமஸ் ஓ ஃபீயாக், கல்கத்தாவில் சாக்கடைக் குழாய்களுக்குள் குடியிருந்தவர்களை நினைவுகூர்ந்தார்.

1980-ல் ஆர்மா பெண்கள் சிறையிலும் இது பரவியது. அங்கே சுவரில் மாதவிடாய் இரத்தமும் சேர்ந்தது. ஆண்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள்கூட அதைப் பேசக் கூசினார்கள். அந்தப் பெண்களுக்கு உரிய இடத்தை வரலாறு இன்னும் தரவில்லை.

கடைசியில் கைதிகள் பட்டினிப் போராட்டத்தில் இறங்கினார்கள். அது அயர்லாந்துக்குப் புதிதல்ல. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி 1920-ல் லண்டன் சிறையில் 74 நாள் பட்டினி கிடந்து இறந்தார். பிரிட்டிஷ் இந்தியாவிலும், அரசியல் கைதிக்குரிய மரியாதை கேட்டு 1929-ல் லாகூர் சிறையில் உயிர்விட்ட ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் தாங்கினார்.

மேஸில் 1981 மார்ச் 1-ல் கைதி பாபி சாண்ட்ஸ் உணவை நிறுத்தினார். பேனா ரீஃபில்லை உடலுக்குள் ஒளித்துவைத்து, கழிப்பறைக் காகிதத்தில் பொடி எழுத்தில் எழுதிவந்தவர். கோரிக்கைகள் ஐந்து, அவற்றில் ஒன்று சொந்த உடை. ஏப்ரல் 9-ல் 30,492 வாக்குகள் பெற்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார். மே 5-ல், 66-ஆம் நாள் இறந்தபோது வயது 27. குற்றம் குற்றமே என்ற பிரதமர் தாட்சர் இறங்கிவரவில்லை. மேலும் 9 பேர் இறந்தார்கள். இதே ஆண்டுகளில் சிறைக்காவலர்கள் பலர், ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையால் கொல்லப்பட்டதையும் மறைக்கக் கூடாது.

மயங்கிக் கிடந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கக் குடும்பத்தார் சம்மதிக்கத் தொடங்கியதும் உண்ணாவிரதம் தளர்ந்து, அக்டோபர் 3-ல் முடிந்தது. மூன்று நாள் கழித்து, கைதிகள் சொந்த உடை அணியலாம் என்று அரசு அறிவித்தது.