சித்தூரிலிருந்து புறப்படும் ஒரு படிவம்

ராணுவத்தில் சேர விரும்பும் சித்தூர்ப் பையனின் நன்னடத்தைச் சான்று ஊர் சர்பஞ்சின் கையெழுத்தில் பிறக்கிறது. ஆயுள் ஆறு மாதம். பள்ளித் தலைமையாசிரியர் தரும் சான்று, போலீஸ் தரும் சான்று இரண்டையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அது ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறது. சித்தூருக்கும், 2022 ஏப்ரலில் அதிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்துக்கும் குண்டூர் ஆள்சேர்ப்பு அலுவலகம்தான். பையன் தேறிவிட்டால் பின்னணி விசாரணைப் படிவம் ஒன்று எதிர்த் திசையில், சொந்த மாவட்டப் போலீசுக்கு வருகிறது. வழக்கு உண்டா, கைதானவனா, தடைசெய்த அமைப்பில் இருந்தவனா? பதில் ரகசியமாகத் திரும்பிப் போகிறது. என்ன எழுதினார்கள் என்பது பையனுக்குத் தெரியாது.

மத்திய அரசு வேலைக்கு வருபவரின் முன்வரலாற்றை விசாரிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 1947 பிப்ரவரியிலேயே உள்துறை உத்தரவு போட்டுவிட்டது. அப்போது வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. காகிதம் மட்டும் தங்கிவிட்டது.

1983இல் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர், முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர் என்ற போலீஸ் அறிக்கையால் வேலை இழந்திருந்தார். ராயலசீமைக்காரரான நீதிபதி சின்னப்ப ரெட்டி இடதுசாரிச் சிந்தனை உள்ளவர். ஆசிரியரின் அரசியலில் அவருக்கு உடன்பாடு இருந்திருக்காது. ஆனாலும் பழைய அரசியல் ஈடுபாட்டைக் காட்டி ஒருவரை அரசு வேலையிலிருந்து தள்ளக் கூடாது என்றே தீர்ப்பெழுதினார். இந்தப் படிவத்தின் வரலாற்றில் அதைவிட நேர்மையான பக்கம் இல்லை என்பேன். 2016இல் அவதார் சிங் வழக்கில், இளவயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயங்களைப் படிவத்தில் மறைத்திருந்தாலும் மன்னிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வழிகாட்டினார்கள்.

2022 ஜூன் 14 அன்று, படைக்கு நான்காண்டுக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, அதை எதிர்த்த போராட்டத்தில் செகந்திராபாத் ரயில் நிலையத்தில் ரயில் பெட்டிகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞன் இறந்தான். 19ஆம் தேதி பத்திரிகையாளர் சந்திப்பில் லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி, போராட்டத்திலோ தீவைப்பிலோ ஈடுபடவில்லை என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி தர வேண்டும், போலீஸ் விசாரணை இல்லாமல் யாரும் சேர முடியாது என்றார். தீ வைத்தவனுக்குப் படையில் இடமில்லை என்பது சரி. ஆனால் போராட்டமும் தீவைப்பும் ஒரே வரியில் வந்துவிட்டன. அப்போது நாடாளுமன்றம் கூடியிருக்கவும் இல்லை.

படைக்கு வெறியர்கள் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. துப்பாக்கி ஏந்துபவனைச் சோதிக்கத்தான் வேண்டும். சேர்ந்த பிறகு எந்தக் கட்சியும் கூடாதென்று ராணுவச் சட்டமும் விதிகளும் தடுக்கின்றன, அதுவும் நியாயம். யார் வெறியர் என்று தீர்மானிப்பது யார் என்பதே என் கவலை. 1966இல் அரசு ஊழியர்கள் ஆர்.எஸ்.எஸ்., ஜமாஅத்தே இஸ்லாமி நடவடிக்கைகளில் சேரக் கூடாதென்று ஒரு சுற்றறிக்கை சொன்னது. 2024 ஜூலையில் இன்னொரு சுற்றறிக்கை அதிலிருந்து ஆர்.எஸ்.எஸ்.ஸின் பெயரை எடுத்தது. போட்டதும் எடுத்ததும் ஆட்சியில் இருந்தவர்களே.

ஜெர்மனியில் 2017 முதல் படையில் சேரும் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு. சோதிக்கும் ராணுவ உளவுத்துறையை நாடாளுமன்றக் குழு கண்காணிக்கிறது. படைகளுக்கான நாடாளுமன்ற ஆணையர், படைக்குள் தலைகாட்டும் தீவிரவாதத்தைப் பற்றியும் ஆண்டுதோறும் அறிக்கை வைக்கிறார். நம் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க அப்படி ஒரு நாடாளுமன்றக் குழு கிடையாது. அதற்காக 2011இல் அப்போதைய எம்.பி. மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

எந்தக் காரணத்துக்காக எத்தனை பேர் கழிக்கப்பட்டார்கள் என்று ஆண்டுதோறும் கேட்கும் வேலையைப் பாதுகாப்புத் துறை நிலைக்குழு ஏற்க வேண்டும். கழிக்கப்பட்ட பையனுக்குக் காரணம் எழுத்தில், அவன் படிக்கத் தெரிந்த தெலுங்கிலோ தமிழிலோ கிடைக்க வேண்டும். சித்தூர், திருப்பதி வாக்காளர்களே, உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது இதைக் கேளுங்கள்.