கூண்டும் கூட்டமும்: வினாடி வினாவில் உதவி கேட்பதன் வரலாறு

தொலைக்காட்சி வினாடி வினாவில் லைஃப்லைனை எப்போது, எந்த வரிசையில் பயன்படுத்துவது நல்லது என்பதைப் பலரும் வெறும் கணக்காகவே பேசிவருகிறார்கள். கணக்கு உண்டுதான், அதற்கும் வருவோம். ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி பதுங்கியிருக்கிறது: அறிவு எங்கே இருக்கிறது? தனியாளின் மண்டைக்குள்ளா, விஷயம் தெரிந்த ஒருவரிடமா, அல்லது கூட்டத்துக்குள் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறதா? மூன்றையும் மேசைமேல் வைத்து, ஆளுக்கு ஒருமுறைதான் தொடலாம் என்று சொல்லும் ஏற்பாடுதான் லைஃப்லைன். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை விட்டுவிட்டு உத்தி பேசுவது பாதிப் பேச்சுதான்.

அமெரிக்காவில் 1955 ஜூன் 7 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘தி 64,000 டாலர் கொஸ்டின்’ தொடங்கியது. அதன் பெரிய கவர்ச்சி ஒலி புகாத ஒரு கூண்டு. பரிசு ஏற ஏறப் போட்டியாளரைக் கூண்டுக்குள் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கேள்விகளுக்குக் காவல்காரர்கள், வங்கி அதிகாரி என்று ஏகப்பட்ட ஜோடனை. அறிவு என்பது ஒரு தனிமனிதனின் சொத்து, வெளியிலிருந்து ஒரு சொல்கூட உள்ளே கசியக்கூடாது என்ற கருத்தியலை இதைவிடப் பச்சையாகக் காட்சிப்படுத்த முடியாது. வேடிக்கை என்னவென்றால், இதே நிகழ்ச்சியில் கடைசிக் கேள்விக்கு மட்டும் துணைக்கு ஒருவரைக் கூண்டுக்குள் அழைத்துச் செல்லலாம் என்று விதி இருந்தது. 1955 செப்டம்பரில் முதன்முதலாக 64,000 டாலரை வென்ற கடற்படைவீரர் ரிச்சர்ட் மெக்கட்சன், சமையல்கலை பற்றிய கேள்விக்குத் துணையாகக் கூட்டிப்போனது தன் அப்பாவை. லைஃப்லைன் என்ற பெயர் பிறப்பதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே சங்கதி இருந்திருக்கிறது.

கூண்டின் கதை எப்படி முடிந்தது என்பது தெரிந்ததுதான். என்.பி.சி.யின் ‘ட்வென்டி-ஒன்’ நிகழ்ச்சியில் 1956 டிசம்பரில் ஹெர்ப் ஸ்டெம்பல், சார்லஸ் வான் டோரனிடம் தோற்றார். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்பது கேள்வி. ‘மார்ட்டி’ என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தப்பாகச் சொல்லும்படி தயாரிப்பாளர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். 1959 நவம்பர் 2 அன்று வான் டோரன் நாடாளுமன்றக் குழுமுன் தனக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டதை ஒப்புக்கொண்டார். மறு வருடம் போட்டிகளில் இப்படி முன்கூட்டி ஏற்பாடு செய்வதைக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் வந்தது. கூண்டை எவ்வளவு இறுக்கி அடைத்தாலென்ன, உதவி அதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

பிரிட்டனில் 1998 செப்டம்பர் 4 அன்று ஐ.டி.வி.யில் ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்?’ தொடங்கியபோது நிகழ்ந்த தலைகீழ் மாற்றத்தை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். டேவிட் பிரிக்ஸும் அவருடைய சகாக்களும் ‘கேஷ் மவுண்டன்’ என்ற பெயரில் முதலில் யோசித்த அமைப்பு இது. கூண்டு போய்விட்டது. போட்டியாளர் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தார். திருட்டு உதவி சட்டபூர்வமான உதவியாயிற்று, ஆனால் ரேஷன் முறையில்: இரண்டு தப்பான விடைகளை நீக்கும் ஐம்பதுக்கு ஐம்பது, முப்பது விநாடி போன், பார்வையாளரின் வாக்கு. இந்தியாவில் 2000 ஜூலை 3 அன்று ‘கௌன் பனேகா குரோர்பதி’யாக வந்ததும் தமிழில் பின்னால் வந்தவையும் இதே அச்சில் வார்த்தவை.

இனிக் கணக்கு. ஐம்பதுக்கு ஐம்பதை எடுத்துக்கொள்வோம். ஒன்றுமே தெரியாதவர் பயன்படுத்தினால் நாலில் ஒன்றாக இருந்த வாய்ப்பு இரண்டில் ஒன்றாகிறது, அதாவது கால் பங்கு லாபம். ‘இந்த ரெண்டில் ஒண்ணுதான், எதுன்னு தெரியலை’ என்று தவிப்பவர் பயன்படுத்தினால்? மூன்று தப்பு விடைகளில் இரண்டு குலுக்கல்முறையில் போகிறது என்றால், அவரைக் குழப்பிய அந்தத் தப்பு விடை போய்விடுவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு. போகாவிட்டாலும் பாதி வாய்ப்பு மிஞ்சுகிறது. மொத்தத்தில் பாதியாக இருந்தது ஆறில் ஐந்தாக உயர்கிறது. லாபம் மூன்றில் ஒரு பங்கு. ஆக, அரைகுறையாய்த் தெரிந்தவனுக்கே இந்தக் கருவி அதிகம் கொடுக்கிறது. ஆனால் நீக்கப்படும் விடைகள் உண்மையிலேயே குலுக்கலில் போகவேண்டும். கவர்ச்சியான தப்பு விடையை வேண்டுமென்றே விட்டுவைத்தால், தவிப்பவர் தவித்த இடத்திலேயே நிற்பார்.

பார்வையாளர் வாக்கு இன்னும் சுவாரசியமானது. நூறு பேரில் பத்துப் பேருக்கு மட்டும் விடை தெரியும், மீதித் தொண்ணூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறார்கள் என்று வைப்போம். அந்தத் தொண்ணூறு நாலு விடைகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரியும். சரியான விடை முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று பெறும். மற்றவை இருபத்திரண்டை ஒட்டி நிற்கும். அறியாமை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, பத்துப் பேரின் அறிவு மேலே மிதக்கிறது. இதுதான் கூட்டத்தின் ரகசியம். 1785இல் கொந்தோர்சே நீதிபதிகள் குழுவை முன்வைத்து இதன் கணிதத்தை எழுதினார்: ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்து, சுயமாக வாக்களித்தால், ஆள் கூடக்கூடப் பெரும்பான்மை பிழையற்றதை நெருங்கும். பாதிக்குக் கீழே இருந்தால்? ஆள் கூடக்கூடப் பிழைதான் உறுதிப்படும். இந்த இரண்டாம் பாதியை யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. 1906இல் பிளிமத் கால்நடைச் சந்தையில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை மதிப்பிட்ட 787 சீட்டுகளை ஃபிரான்சிஸ் கால்ட்டன் வாங்கிப் பார்த்தார். நடு மதிப்பு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. மனிதரைப் பிறப்பால் தரம்பிரித்து ‘இன மேம்பாட்டு’க்கு அறிவியல் பெயர் சூட்டிய அதே கால்ட்டன்தான், பாமரர் கூட்டத்தின் துல்லியத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிவந்தது!

ஜேம்ஸ் சுரோவியெக்கி 2004இல் வெளியிட்ட ‘தி விஸ்டம் ஆஃப் க்ரவுட்ஸ்’ நூலில் இந்தச் சரடை மில்லியனர் மேடைக்கு இழுத்துவந்தார். அமெரிக்க நிகழ்ச்சியில் போன் செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 65 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பார்வையாளர்கள் 91 சதவீதம் என்றார். அதன்பிறகு இந்த இரண்டு எண்களும் மந்திரம்போல ஓதப்படுகின்றன. பார்வையாளரிடம் எளிய கேள்விகள் போயிருக்கலாம், இது கறாரான சோதனையில் நிற்காது என்று அவரே எச்சரித்ததை ஓதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். கூட்டத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறோம், நண்பரைச் சிக்கலான இடத்துக்கு வைத்துக்கொள்கிறோம். வேறுவேறு கேள்விக்குப் போட்ட மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது?

கூட்டம் எப்போதும் நம் பக்கம் என்ற அனுமானமும் ஆராயத்தக்கது. பிரெஞ்சு நிகழ்ச்சியில் ஒருவர், பூமியைச் சுற்றுவது எது என்ற கேள்விக்குத் தடுமாறிப் பார்வையாளரைக் கேட்டார். 56 சதவீதம் சூரியன் என்றது, சந்திரனுக்கு 42. அவர் கூட்டத்தை நம்பித் தோற்றார். இது அறியாமையா, ‘இதுகூடத் தெரியாதவனுக்குப் பரிசு எதுக்கு?’ என்ற தண்டனையா? 2008இல் பிராஃப்மன் சகோதரர்கள் ‘ஸ்வே’ என்ற நூலில் இரண்டாவது வாசிப்பையே எடுத்துக்கொண்டு, ரஷ்யப் பார்வையாளர்கள் போட்டியாளர்களை வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் என்பதையும் சேர்த்து, நாட்டுக்கு நாடு நியாயம் பற்றிய எண்ணம் வேறுபடுகிறது என்றார்கள். தேசிய குணம் என்று ஒன்றை இப்படி ஒட்டுமொத்தமாகக் கட்டமைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அடியில் உள்ள விஷயம் முக்கியமானது: வாக்குப் பொத்தான் அறிவை மட்டும் பதிவதில்லை, உறவையும் பதிகிறது.

நண்பரின் கதி வேறு. 1999 நவம்பர் 19 அன்று அமெரிக்க நிகழ்ச்சியில் முதலில் பத்து லட்சம் டாலர் வென்ற ஜான் கார்ப்பென்டர், அதுவரை ஒரு லைஃப்லைனையும் தொடவில்லை. கடைசிக் கேள்வியில் தன் அப்பாவுக்குப் போன் போட்டார், உதவி கேட்க இல்லை, ஜெயிக்கப் போகிறேன் என்று சொல்ல! ‘லாஃப்-இன்’ நிகழ்ச்சியில் தோன்றிய ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன் என்பது விடை. எல்லோரும் ரசித்த இந்தத் தருணத்தில் எனக்குத் தெரிவது பழைய கூண்டு. உதவி கேட்பது கௌரவக்குறைச்சல் என்ற எண்ணத்தில்தான் பலர் லைஃப்லைன்களைப் பொத்திப் பொத்தி வைத்து, அவற்றோடேயே தோற்று வெளியேறுகிறார்கள். தோற்றவன் கையில் மிஞ்சிய லைஃப்லைனுக்குச் செல்லாக் காசின் மதிப்புதான்.

மறுகோடியில் பிரிட்டனின் மேஜர் சார்ல்ஸ் இங்ரம். 2001 செப்டம்பரில் முதல்நாள் முடிவில் 4,000 பவுண்டு, மிஞ்சியது ஒரே ஒரு லைஃப்லைன். மறுநாள் பத்து லட்சம்! அரங்கிலிருந்து வந்த இருமல்களே விடை காட்டின என்று 2003இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவர் இன்றுவரை மறுத்துவருகிறார். முப்பது விநாடி போன் உதவி, இருமல் குற்றம். கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இணையத் தேடல் பரவியதும் போனும் சந்தேகத்துக்குள்ளானது. ‘பொட்டியைத் தட்டினா விடை வருது, இதுல சிநேகிதன் எதுக்கு?’ என்ற நிலையில், 2010 ஜனவரியில் அமெரிக்க நிகழ்ச்சி அதை நீக்கிவிட்டது. 2018இல் பிரிட்டனில் மறுபடி தொடங்கியபோது, நண்பரின் பக்கத்தில் தயாரிப்புக் குழுவிலிருந்து ஓர் ஆளைக் காவலுக்கு உட்காரவைத்தார்கள்.

உத்தி என்று கேட்டால், என் கணிப்பு இதுதான்: கூட்டத்தை முன்னாலேயே, எல்லோருக்கும் பரிச்சயமான பாட்டு, சினிமா, சாப்பாடு போன்ற கேள்விகளில் கேட்டுவிட வேண்டும். கேள்வி கடினமாக ஆக அந்தப் பத்துப் பேர் இரண்டு பேராகி, பரவலான தப்பெண்ணம் தலைதூக்கும். ஐம்பதுக்கு ஐம்பது போட்ட கையோடு கூட்டத்தைக் கேட்கவே கூடாது. நாலாகச் சிதறவேண்டிய அறியாமையை இரண்டு பாத்தியில் பாய்ச்சி, கொந்தோர்சேயின் அந்த இரண்டாம் பாதிக்குள் நாமே போய் விழுகிறோம். நண்பரைப் பொறுத்தவரை, கேள்வி எந்தத் துறை என்று தெரிந்த பிறகே யார் என்று முடிவுசெய்ய வேண்டும்; பாசத்துக்காக யாரையும் பட்டியலில் போடக் கூடாது.

2020இல் கொரோனா வந்து கூட்டத்தையே அரங்கிலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனில் பார்வையாளர் வாக்குக்குப் பதிலாக இன்னொரு போன் தந்தார்கள். அமெரிக்காவில் ஜிம்மி கிம்மல் நடத்திய நிகழ்ச்சியில் பிரபலங்கள் தருமக் காரியங்களுக்காக ஆடினார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்று விதி வந்தது. மெக்கட்சனின் அப்பா கடைசிக் கேள்விக்கு மட்டும் உள்ளே வந்தார். இங்கே முதல் பத்துக் கேள்விக்குத்தான் துணை, அதற்கு மேல் ஆள் தனி.