பற்றரியைக் கைவிட்ட கூரைகள்

களனி கங்கையின் வடகரையில் இருக்கிறது பேலியகொடை. அக்கரையில் 1960களில் தொடங்கிய களனிதிஸ்ஸ அனல் மின்நிலையம். வடக்கே கட்டுநாயக்க அதிவேகப் பாதையோடு போனால், கெரவலப்பிட்டியில் 300 மெகாவொட் யுகதனவி. இரண்டு பெரிய மின்நிலையங்களுக்கு நடுவில் குடியிருக்கும் ஊருக்கு வீட்டுக் கூரையில் சோலர் பனல் எதற்கு என்று கேட்கலாம். 2022 மார்ச் அதற்குப் பதில் சொன்னது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. மாத முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. வேடிக்கை என்னவென்றால், பனல் பூட்டி மின்கட்டமைப்போடு இணைத்திருந்த வீடுகளிலும், உச்சி வெயில் எரித்துக்கொண்டிருக்க, மின்விசிறி சுழலவில்லை. அவற்றின் இன்வேர்ட்டர் வெளிக்கம்பியின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பைப் பின்பற்றித்தான் ஓடும். துடிப்பு நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் பற்றரியும், வீட்டைத் தனியே பிரித்து ஓட்டும் வசதியும் இருந்திருந்தால் கதை வேறு. இலங்கையில் வீட்டுச் சூரிய மின்சாரம் பற்றரியோடுதான் பிறந்தது. கம்பியோடு சேர்ந்தபோது அதைக் கைவிட்டது. இன்றைய சிக்கல்களில் பெரும்பங்கு அந்தக் கைவிடலில் இருந்து வந்தது என்பதே என் வாதம்.

1980களிலும் 90களிலும் மின்கம்பி எட்டாத கிராமங்களில் கார் பற்றரியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றி வந்து தொலைக்காட்சி பார்த்த வீடுகள் ஏராளம். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் கூரைக்குப் பனல் வந்தது. உலக வங்கியின் கடனுதவியோடு 1997 முதல் 2002 வரை ஒரு திட்டமும், அதைத் தொடர்ந்து 2011 வரை இன்னொன்றும் நடந்தன. சர்வோதயத்தின் கடன் பிரிவான சீட்ஸ் போன்றவை தவணைக்குக் கொடுத்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சில மின்குமிழ்களும் ஒரு சிறு தொலைக்காட்சியும் ஓடின. பகலில் சேர்த்ததை இரவில் செலவழிப்பது என்ற கணக்கை அந்த வீட்டுக்காரர்கள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள். பிறகு மின்சார சபையின் கம்பி ஊருக்குள் வந்தது. பல பனல்கள் அதோடு ஓய்ந்தன.

2010 இல் நிகர அளவீட்டு முறை வந்தபோது சோலர் இடம் மாறியது: கிராமத்து ஓலைக்கூரையிலிருந்து கொழும்புச் சுற்றுப்புறத்து கொங்கிரீட் தளத்துக்கு. கூடிய அலகு பாவிப்பவருக்குக் கூடிய விலை என்ற கட்டணப் படிமுறைதான் அதற்குக் காரணம். பெரிய பட்டியல் கட்டுபவருக்கே பெரிய இலாபம். பகலில் மிஞ்சியதை வெளியே தள்ளினால் அலகுக்கு அலகு வரவு வைக்கப்பட்டது, இரவில் அதை எடுத்துக்கொள்ளலாம். அதாவது நாட்டின் மின்கட்டமைப்பு முழுவதும் ஒரு வீட்டின் பற்றரி ஆனது, அதுவும் வாடகை இல்லாத பற்றரி. 2016 செப்டெம்பரில் தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற அரச கூரைச் சோலர் திட்டம் மிஞ்சிய அலகுக்குக் காசும் கொடுத்தது: முதல் ஏழு வருடம் 22 ரூபாய், அடுத்த பதின்மூன்று வருடம் 15.50. எந்த மணிக்குத் தந்தாலும் ஒரே விலை. நண்பகலில் தந்தாலும் அதுதான், மாலை 6.30 இலிருந்து 10.30 வரை நாடே விளக்கும் அடுப்பும் போடும் நேரத்தில் தந்தாலும் அதுதான். பிறகு யார் பற்றரி வாங்குவார்?

இதன் விலை 2025 பெப்ரவரி 9 அன்று தெரிந்தது. அன்று ஞாயிறு, முற்பகல், தொழிற்சாலைகள் ஓய்வு. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. சிரித்தவர்கள் பலர், ஒரு குரங்குக்கு அத்தனை பலமா என்று. ஆனால் பாவனை குறைந்த வெயில் நாளில் சோலர் மிகுந்ததால் பெரிய சுழலிகள் குறைவாக ஓடின, அதிர்ச்சியைத் தாங்கும் சுழல் சடத்துவம் கட்டமைப்பில் போதவில்லை என்றார்கள் பொறியியலாளர்கள். அதே வருடச் சித்திரைப் புத்தாண்டில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலரை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் மின்சாரம் இல்லை என்று அழுத நாடு, மிஞ்சுகிறது, நிறுத்துங்கள் என்றது.

குற்றம் சோலர்காரர்மீது என்பது ஒரு கட்சி. அதை ஏற்க முடியவில்லை. விலை எதைக் கேட்டதோ அதைத்தான் கூரைகள் செய்தன. சபைமீதே எல்லாப் பழியும் என்பது மறு கட்சி. அதுவும் அவசரத் தீர்ப்பு. 2010 இல் லித்தியம் பற்றரி வீட்டுக்கு எட்டாத விலை, கூரைச் சோலரின் பங்கும் கடுகளவு. அந்த நிலையில் கட்டமைப்பைப் பற்றரியாகப் பாவித்தது புத்திசாலித்தனமே. தவறு, கடுகு மலையான பிறகும் அதே கணக்கைத் தொடர்ந்ததில் இருக்கிறது. 2025 இல் பற்றரியில் சேமித்து உச்சநேரத்தில் தருவோருக்கு அலகுக்கு 45.80 ரூபாய் என்று விலை வகுக்கப்பட்டது. சிறு வீடுகள் சாதாரணமாகத் தரும் அலகுக்கான புதிய விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடைசியில் விலைக்கு நேரமும் சேர்ந்தது.

பற்றரி வசதியுள்ளவர் சமாச்சாரம், பேலியகொடையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாடகைக்கு இருப்பவருக்கு அதில் என்ன என்ற மறுப்பு மிஞ்சுகிறது. வாடகைக்காரரைப் பொறுத்தவரை அது சரியான மறுப்பு, கூரை அவருடையதல்ல. சொந்தக் கூரையுள்ள ஏழைக்கு அது பொருந்தாது. இந்த நாட்டில் சோலர் பற்றரியை முதலில் பெருவாரியாக வாங்கியவர்கள் ஊவாவிலும் அதுபோன்ற இடங்களிலும் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தவர்கள், மாதத் தவணை கட்டி. அந்த ஈய அமிலப் பற்றரிகள் சில வருடங்களில் செத்தபோது, மாற்றக் காசில்லாமல் தவித்தவர்களும் அவர்களே. அன்றைய தவணைக் கணக்கில் இரண்டாவது பற்றரிக்கு இடம் இருக்கவில்லை.