ஒருநாள் குடலிறக்க அறுவைச் சிகிச்சையின் வரலாறு

வயிற்றுச் சுவரில் வலுவிழந்த இடத்தின் வழியாகக் குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குவது குடலிறக்கம். மக்கள் வழக்கில் இதை ஹெர்னியா என்பர். காலையில் வரும் நோயாளியைப் பரிசோதித்து, அறுவை செய்து, மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பும் முறை இன்று உள்ளது. கடலுக்குப் போனால்தான் வருமானம் என்று வாழும் ஆலந்தலை போன்ற தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால், "இவ்வளவு சீக்கிரம் அனுப்பலாமா?" என்ற அச்சமும் மக்களிடம் உண்டு. இம்முறையின் வரலாறே அதற்குப் பதில் தருகிறது.

தொடக்கம்

1880களில் இத்தாலியின் பதுவா நகரில் எடோர்டோ பசினி, பிளவுபட்ட தசை அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் முறையை உருவாக்கினார். இன்றைய குடலிறக்க அறுவைக்கு அதுவே அடிப்படை. ஆனால் தையல் பிரிந்துவிடும் என்ற அச்சத்தால் நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கவைத்தனர்.

கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கல் என்ற மருத்துவர் வேறு வழியில் சென்றார். குழந்தைகளுக்கு அறுவை செய்து அன்றே தாயுடன் வீட்டுக்கு அனுப்பினார். பத்தாண்டுகளில் இவ்வாறு நடந்த 8,988 அறுவைகளைப் பற்றி 1909இல் அறிக்கை அளித்தார். குடலிறக்கமும் அவற்றில் அடங்கும். 1955இல் எடின்பரோவின் எரிக் ஃபார்க்கர்சன், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு 485 பெரியவர்களுக்கு அறுவை செய்து அன்றே அனுப்பியதை வெளியிட்டார்.

வலையின் வருகை

தசைகளை இழுத்துத் தைத்தால் அந்த இடம் இறுக்கமாகி வலிக்கும். சிலருக்குக் குடலிறக்கம் மீண்டும் வரும். இதைத் தவிர்க்க, லாஸ் ஏஞ்சல்ஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன் 1984 முதல் பாலிப்ரொப்பிலீன் வலையை வைத்துத் தைத்தார். 1,000 நோயாளிகளின் விவரத்தை 1989இல் வெளியிட்டார்.

வலையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. மகாராட்டிரத்தின் தோண்டாய்ச்சா என்ற ஊரில் மருத்துவர் ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர், கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணியைப் பயன்படுத்திப் பார்த்தார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின்னும் இரு வகை வலைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஒரே நாளில் எப்படி?

பெரும்பாலும் நோயாளியை நிற்கவைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தே குடலிறக்கத்தை அறியலாம். ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுப்பர். இதயநோய் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், வீட்டில் துணை இல்லாதவர்கள் போன்றோர் மருத்துவமனையில் தங்க நேரிடலாம்.

கடற்கரையில் கவனிக்க வேண்டியவை

படகு தள்ளுவதும் வலை இழுப்பதும் வயிற்றுக்குச் சுமை தரும் வேலைகள். அன்றே வீடு திரும்பலாம் என்பதற்கு மறுநாளே கடலுக்குப் போகலாம் என்று பொருளல்ல. எழுந்து நடமாடலாம். பாரம் தூக்குவதற்கு மட்டும் மருத்துவர் சொல்லும் காலம்வரை காத்திருக்க வேண்டும்.

பிதுங்கல் உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நிலைக்குப் போனவருக்கு ஒருநாள் சிகிச்சை என்ற வசதி கிடைக்காது. வேலை கெடும் என்று தள்ளிப்போடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.