குற்றாலத்தில் ஒரு கல்விச் சுனை

குற்றாலத்தின் அருவிகளை அறியாதவர் இலர். அங்குள்ள கல்விச் சுனையையும் நாம் நினைவுகூர வேண்டும். 1964-ஆம் ஆண்டில் திருக்குற்றாலநாதர் கோயில் தேவஸ்தானம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியை நிறுவிற்று. அதற்கு முன்னர் பட்டம் பெற விழைந்த பெண்கள் பாளையங்கோட்டை போன்ற வெளியூர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. மகளை விடுதியில் விடத் தயங்கிய நம் குடும்பங்களில் படிப்பு பள்ளியோடு நின்றது. கோயிற் பொருளால் எழுந்த கல்லூரியோ சமயம் பாராது கதவைத் திறந்தது. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் பெண்கள் காலையில் பேருந்தேறிச் சென்று, மாலையில் இல்லம் திரும்பிப் பயில வழி பிறந்தது. பாடத்துடன் தோழமையும் வளர்ந்தது.

கி.பி. 859-இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற மாதரசி தம் செல்வத்தால் எழுப்பிய கரவிய்யீன் பள்ளிவாசல் பெரும் கலாசாலையாக வளர்ந்தது என்பது வழிவழி வந்த வரலாறு. அதைப் பெருமையுடன் பேசும் நாம், நம் ஊர் வக்ஃபு வருவாயில் பெண்கல்விக்கு எவ்வளவு ஒதுக்குகிறோம்? அண்டை வீட்டார் வழி காட்டிவிட்டனர். நடக்க வேண்டியவர்கள் நாமே.