கொல்லி மழவர்: ஓரி முதல் திருச்செங்கோட்டுச் செப்பேடு வரை

வைகாசி விசாகத் தேர்த்திருவிழாவை ஒட்டி வெளிவரும் மலர்களில் தலபுராணமும் தேர்ப் பெருமையும் இடம்பெறுவது வழக்கம். இக்கட்டுரை நம் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, நாமக்கல்லும் ராசிபுரமும் தாண்டி நிற்கும் கொல்லிமலையின் அரசன் ஓரியைப் பற்றியது. அவனுக்கும் அர்த்தநாரீசுவரர் மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நம் கோயிலே விடை வைத்திருக்கிறது. அதற்கு முதலில் ஓரியின் காட்டுக்குள் போக வேண்டும்.

சங்கப் புலவர்கள் அவனை வல்வில் ஓரி என்றார்கள். நற்றிணை அவனை மழவர்களின் தலைவனாகக் காட்டுகிறது. கபிலர், பரணர், வன்பரணர், கழைதின் யானையார் எனப் பெரும்புலவர் பலர் பாட்டில் அவனோ அவன் மலையோ இடம்பெற்றுள்ளது. இவர்களுள் அவனை நேரில் பார்ப்பதுபோல் நமக்குக் காட்டுபவர் வன்பரணர்தான். புறநானூற்றின் 152ஆம் பாட்டு அது.

காட்டு வழியே ஒரு பாணர் கூட்டம் வருகிறது. எங்கோ நாண் தெறிக்கும் ஒலி. விட்ட அம்பு ஒன்று யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியையும் கொன்று, கடைசியில் பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்து நிற்கிறது. எய்தவனைப் பார்க்கிறார்கள். மார்பில் ஆரம் தாழ்ந்து கிடக்கிறது. இறைச்சி விற்றுப் பிழைக்கும் வேடனாகத் தெரியவில்லை, ஓரியாக இருப்பானோ என்று ஐயம். முழவையும் யாழையும் எடுத்து முறைப்படி பாடி முடித்து அவனை அரசன் என்று விளிக்கிறார்கள். அவனோ நாணிப் போகிறான். உன்னை ஒத்த வேட்டுவர் எங்கும் இல்லை என்று அவர்கள் சொல்லத் தொடங்கியபோது, மேலே பேச விடவில்லை. வேட்டையாடிய மானின் இறைச்சியையும், உருக்கிய நெய்போன்ற மதுவையும், தன் மலையில் விளைந்த பொன்னையும், மணிக் குவியலையும் அந்த இடத்திலேயே கொடுத்துவிடுகிறான்.

ஓர் அம்பு ஐந்து விலங்குகளைத் துளைக்குமா என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பாட்டின் உயிர், புகழைக் கேட்டதும் அவன் நாணிய இடத்தில் இருக்கிறது. வில்லாற்றல் மிக்க அரசர்கள் வரலாற்றில் ஏராளம். தன் பெயரைப் பிறர் சொல்லக் கேட்டு வெட்கப்பட்டவன் என்று புலவரால் எழுதிவைக்கப்பட்டவர் மிகச் சிலரே.

அடுத்த பாட்டில் அவன் கூத்தருக்கு யானைகளையும், வெள்ளி நாரில் தொடுத்த பொற்குவளைப் பூக்களையும் கொடுக்கிறான். வயிறு நிறைந்தவர்கள் ஆடவும் பாடவும் மறந்தார்கள் என்கிறார் வன்பரணர். சிறுபாணாற்றுப்படை அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்து, கூத்தர்க்கு நாடே கொடுத்தவன் என்கிறது. அவன் குதிரையின் பெயரும் ஓரிதான்.

அவனைக் கொன்றவனும் ஒரு வள்ளல் என்பது இந்த வரலாற்றின் வேதனை. முள்ளூர் மலைக்கு உரிய மலையமான் திருமுடிக்காரி அதே எழுவரில் ஒருவன். அவன் ஓரியைக் கொன்று, பலாப்பழம் செழித்த கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு 209இல் கல்லாடனார் பதிவு செய்கிறார். காரி ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்கினார், அதுவும் ஒரு மருதப் பாட்டுக்குள். ஒரு தலைநகர் வீழ்ந்த செய்தி, தெருவில் நடந்துபோகும் பரத்தையால் ஊரில் எழும் சலசலப்பை விளக்க வந்து நம் கையில் சேர்ந்திருக்கிறது.

மலை கைமாறியது, மழவர் பெயர் அழியவில்லை. இங்கேதான் நம்மூர் வருகிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலகன் நோயால் வாடிய பெண்ணைப் பதிகம் பாடிக் குணப்படுத்தினார். அவள் கொல்லி மழவனின் மகள் என்கிறது பெரியபுராணம். பின்னர் அவர் கொங்கு நாட்டுக்கு வந்து, அன்று கொடிமாடச் செங்குன்றூர் எனப்பட்ட திருச்செங்கோட்டில் தங்கினார். அடியார்களை வாட்டிய குளிர்சுரம் தீரத் திருநீலகண்டப் பதிகம் அருளியது இவ்வூரில்தான். காய்ச்சல் கண்டால் இன்றும் சைவக் குடும்பங்களில் ஓதப்படும் பதிகம் அது. அந்தப் பயணத்தில் மழவன் வீட்டுத் துயரும் செங்குன்றூர்த் துயரும் ஒரே பிள்ளையின் பாட்டால் தீர்ந்திருக்கின்றன.

அடுத்த சான்று எழுத்தாகவே இருக்கிறது. நம் கோயிலுக்கு உரியனவாகக் கண்டறியப்பட்ட, சோழன் இராசகேசரிவர்மன் காலச் செப்பேடுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சாகியுள்ளன. அவற்றில் கொடை கொடுத்தவனின் பெயர் கொல்லிமழவன் ஒற்றியூரன் பிரிதிகண்டவர்மன். பேரரசர் சோழர், ஆனாலும் மலையின் பெயரையும் குடியின் பெயரையும் தன் பெயருக்கு முன் வைத்துக்கொண்டுதான் அவன் செப்பேடு வெட்டுவித்தான். ஓரிக்கு நேர் வாரிசு என்று சொல்ல அது போதாது. ஓரி வீழ்ந்து நூற்றாண்டுகள் பல கடந்த பின்னும் கொல்லி மழவர் என்ற பெருமை இந்தச் சமவெளியில் செல்லுபடியானது என்பதற்கு அது போதும்.

இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அறப்பளீசுவரரைத் தரிசிக்க நம்மூரிலிருந்து வேன் வேனாகப் போகிறோம். வல்வில் ஓரி விழா மேடையில் 152ஆம் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் நாடகமாக நடிக்கட்டும். நம் வைகாசித் திருவிழாவில், அந்தச் செப்பேட்டு வாசகத்தைப் பெரிதாக்கி, எளிய உரையோடு, மலைப்படி ஏறுபவர் கண்ணில் படும்படி வைக்கட்டும். விழாக் குழுவினர் அடுத்த ஆண்டுக்குள் இதைச் செய்ய முடியும்.