பார்க் தெருப் பள்ளியும் லஃபோன் அடிகளாரும்

கொல்கத்தா பார்க் தெருவில் புனித சவேரியார் பள்ளி நிற்கும் இடம் முன்பு நாடக அரங்காக இருந்தது. 1841இல் திறந்த அந்தச் ‘சான் சூசி’ அரங்கில், இரண்டே ஆண்டுகளில், நடிகை எஸ்தர் லீச்சின் உடையில் விளக்குச் சுடர் பற்றி, அந்தத் தீப்புண்ணாலேயே அவர் இறந்தார். அரங்கும் நொடித்தது. ஆங்கில இயேசு சபையார் புனித சவேரியார் பெயரில் நகரில் நடத்திவந்த கல்லூரியும் 1846இல் மூடப்பட்டிருந்தது. 1860இல் பெல்ஜிய இயேசு சபையார்தாம் பார்க் தெருவில் அதை மீண்டும் தொடங்கினார்கள். முதல் அதிபர் ஹென்றி டெபெல்ஷின் பின்னர் ஆப்பிரிக்காவின் சாம்பசி மறைப்பணிக்குத் தலைமையேற்றுப் போய்விட்டார்.

தங்கியவர் யூஜின் லஃபோன். 1865இல் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1867இல் காற்றழுத்தமானி இறங்குவதைக் கண்டு, புயல் வருகிறது என்று அதிகாரிகளை எச்சரித்தார், புயலும் வந்தது. பாதிரியார் சொல்லுக்கு நகரில் மதிப்பு ஏறியது. 1875இல் பள்ளி வளாகத்திலேயே வானாய்வகம் எழுந்தது. ஜகதீச சந்திர போஸ் இங்கே படித்தவர். அவருக்கு இயற்பியலில் நாட்டம் பிறக்க லஃபோனின் சோதனை விளக்கங்களே காரணம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த இடம் ஒட்டவில்லை. இதே காலத்தில் சேர்ந்த ரவீந்திரநாத் தாகூர் விரைவிலேயே நின்றுவிட்டார். அவர் மனதில் தங்கியவர் ஸ்பானியரான தெ பெனராண்டா அடிகளார். எழுதாமல் உட்கார்ந்திருந்த சிறுவனின் முதுகில் கைவைத்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டவர் அவர். பள்ளி மலர்களில் தாகூரின் பெயர் தவறாமல் வருகிறது. நின்றுபோனதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

இப்பள்ளி நகருக்குத் தந்த பெரிய கொடை, என் கணிப்பில், வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் இந்தியருக்கென்றே ஓர் அறிவியல் சங்கம் அமைக்க முனைந்தபோது, தொழிற்கல்விக் கூடம் போதும் என்று ஒரு தரப்பு வாதாடியது. லஃபோன் சர்க்காரின் பக்கம் நின்றார். வெறும் கைத்தொழில் மட்டும் கற்றால் இந்தியர் என்றும் ஐரோப்பிய மேற்பார்வையிலேயே இருக்க நேரும், அடிப்படை அறிவியலே விடுதலை தரும் என்பது அவர் வாதம். ஆட்சியாளரின் நிறத்தவரான ஒரு துறவி 1870களில் இதைப் பொதுமேடையில் சொன்னது சாதாரணமல்ல. 1876இல் பௌபஜார் தெரு 210ஆம் எண் வீட்டில் சங்கம் திறந்தது. லஃபோன் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் அங்கே விரிவுரையாற்றினார்.

1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா வந்த ச. வெ. ராமன், அலுவல் நேரம் போக மீதிப் பொழுதில் ஆய்வு செய்ய இடம் தந்தது இந்தச் சங்கம்தான். மறு ஆண்டு டார்ஜிலிங்கில் லஃபோன் காலமானார். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு வெளிப்பட்டதும் அதே 210ஆம் எண் வீட்டில்தான். திருச்சியில் பிறந்தவரின் நோபல் கதையை மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள், பார்க் தெருவிலிருந்து அதைத் தொடங்குவதே முறை.